போனில் தட்டிய தர்பூசணி

1

திண்டிவனத்தில் என் மகள் பவித்ரா படிக்கிற பள்ளியிலிருந்து தமிழ் டீச்சர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். பள்ளி ஆண்டு மலரில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பெற்றோர் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுத வேண்டுமாம்.

"பவித்ரா அப்பா, நீங்க மஸ்கட்ல தர்பூசணி வெட்டுற வேலைதான பாக்கறீங்க? நம்ம பக்கமும் தர்பூசணி வெளையற பக்கம்தான். அதப் பத்தியே எழுதுங்க. என்ன சத்து இருக்குது, என்ன வகை இருக்குது, எப்படிச் செஞ்சு சாப்பிடறது, எல்லாம் எழுதுங்க. அப்புறம், கிளாஸ்ல பிள்ளைங்க பவித்ராவ 'டொக் டொக்'னு கூப்பிட்டுக்கினு இருக்குதுங்க. ஏன்டான்னு கேட்டா சிரிக்குதுங்க. ஏதோ தர்பூசணிக் கதையாமே? அதையும் சேத்து எழுதினா நல்லா இருக்கும்."

டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது. நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இப்படி ஒரு பெயர் என் பிள்ளைக்கு வந்திருப்பதை வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான்.

என் பெயர் ஏழுமலை. பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் டீச்சர் திருத்திவிடுவார். பிழை என்று நான் சொல்வது எழுத்துப் பிழையை. மற்றதை நானேதான் திருத்த வேண்டும்.

2

முதலில் டீச்சர் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இங்கே ஒரு பெரிய கடையில் பழம் வெட்டும் பிரிவில் இருக்கிறேன். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, முன்னால் பச்சை நிற ஏப்ரான். இந்த வேலை செய்ய முனிசிபாலிட்டி தரும் சுகாதார அட்டை வேண்டும். ரத்தம், மலம், எக்ஸ்ரே என்று எல்லாம் பார்த்துத்தான் தருவார்கள். அதைப் புதுப்பிக்கப் போன ஒரு தடவை, வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் என்ன வேலை என்று கேட்டார். தர்பூசணி வெட்டுகிறேன் என்றேன். "அதுக்கு இவ்வளவு டெஸ்டா?" என்று சிரித்தார். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஊரில் கத்தியை வேட்டியில் துடைத்துவிட்டு வெட்டியவன்தானே நான்.

பிள்ளைகளே, இதை மட்டும் மறக்காதீர்கள். தர்பூசணியை வெட்டுவதற்கு முன் முழுப் பழத்தையும் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலைத் தின்னப்போவதில்லையே, எதற்குக் கழுவ வேண்டும் என்று கேட்காதீர்கள். அது மண்ணில் கிடந்து வளர்ந்த காய். கத்தி தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும்போது தோலில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகிறது. வெட்டிய துண்டை வெயிலில் வைக்கக் கூடாது. ஈ மொய்க்கும்படி திறந்து வைக்கக் கூடாது. மீதியை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சத்து என்று பார்த்தால், இந்தப் பழத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால்தான் வெயிலில் விளையாடிவிட்டு வந்து தின்றால் உடம்பு குளிர்கிற மாதிரி இருக்கிறது. வைட்டமின் சி இருக்கிறது. பொட்டாசியம் இருக்கிறது. சிவப்பு நிறத்துக்குக் காரணம் லைகோபீன் என்கிற பொருள். தக்காளியைச் சிவக்க வைப்பதும் அதுதான். ஊசி போட்டுச் சிவப்பாக்குகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிடாதீர்கள். ஊசி குத்தின இடத்தில் காய் சீக்கிரம் அழுகிவிடும். ஒரு காயைச் சிவக்க வைக்க, தர்பூசணி பயிர் செய்கிற எங்கள் வீட்டில் என்ன பாடுபடுகிறார்கள் என்று பார்த்தவன் ஊசிக்கதையை நம்ப மாட்டான். சந்தேகம் வந்தால் கழுவி, வெட்டி, சுவைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ள தாத்தா, பெரியப்பா யாராவது வீட்டில் இருந்தால் அவர்களுக்கு அளவாகக் கொடுங்கள். ஜூஸ் போட்டுக் கொடுப்பதைவிடத் துண்டாகக் கொடுப்பது நல்லது.

இங்கே வாங்க வருகிறவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். "அஹ்மர்?" அப்படியென்றால் சிவப்பா என்று அர்த்தம். நான் காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அஹ்மர், அஹ்மர்" என்பேன். வெட்டினால் சிவப்பாக இருக்கும். தலையை ஆட்டி வாங்கிப் போவார்கள். நான் எடுத்துக் கொடுக்கிற காய் வெளுத்துப் போய் இருந்ததில்லை என்று கடையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுதான் என் கண்ணை மறைத்தது.

3

வகைகளைப் பற்றி.

நம் பக்கம் இப்போது அதிகம் போடுவது கரும்பச்சைத் தோல் காய். கொஞ்சம் நீள உருண்டை. ஃபிரிட்ஜில் அடங்குகிற அளவு. உள்ளே அடர்ந்த சிவப்பு. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் குவித்து வைத்திருப்பார்களே, அதுதான். சுகர் பேபி என்பது பந்து மாதிரி உருண்டை. முன்பெல்லாம் வெளிர்பச்சையில் வரி போட்ட பெரிய காய் வரும். ஒரு காயைத் தூக்க இரண்டு கை போதாது. கல்யாண வீட்டுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் அதுதான். இங்கே வரி போட்ட காய்க்குத்தான் இன்னும் மவுசு. விதையில்லாத காயும் வருகிறது. உள்ளே மஞ்சளாக இருக்கிற காயும் வருகிறது. முதல் தடவை மஞ்சள் காயை வெட்டியபோது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் குப்பையில் போடப் போனேன். என்னோடு வேலை செய்கிற ஷாஜிதான் கையைப் பிடித்தான். ஷாஜி கேரளாக்காரன். திருச்சூர் பக்கம். என்னைவிட வயதில் சின்னவன், வேலையில் மூத்தவன்.

எங்கள் நிலம் அந்த மரக்காணம் ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறது. கார்த்திகை மழை விட்டதும் பாத்தி பிடித்து, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, விதை ஊன்றினால் மாசியில் வெட்டு. நான் ஊரில் இருந்தவரைக்கும் நான்தான் தட்டிப் பார்ப்பேன். காயாக இருந்தால் பித்தளைச் சொம்பைச் சுண்டினமாதிரி 'டங்'கென்று கேட்கும். பழமாக இருந்தால் 'தொம்'மென்று அடங்கிக் கேட்கும். முற்றிப் போயிருந்தால் தலையணையைக் குத்தினமாதிரி சத்தமே எழும்பாது.

என் மனைவி செல்வி தட்ட மாட்டாள். அவள் பார்ப்பது வேறு. காய்க்காம்பு பக்கத்தில் சுருள் சுருளாக ஒரு கொடிநுனி இருக்கும். அது காய்ந்து பழுப்பாகிவிட்டதா என்று பார்ப்பாள். காயை லேசாகத் திருப்பி, மண்ணில் படிந்திருந்த அடிப்பக்கம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பாள். அவ்வளவுதான். நான் கிண்டல் பண்ணுவேன். "நீ என்ன காய்க்குப் பொண்ணு பாக்கறியா?" அவள் சொல்வாள், "ஆமா, நீங்க கதவத் தட்டறீங்க, நான் முகத்தப் பாக்கறேன்."

நான் இங்கே வந்த பிறகு பயிர் முழுக்க அவள் பொறுப்பு. அப்படியே அவளிடம் விட்டிருக்க வேண்டும்.

4

இந்த வருஷம் மாசி அமாவாசைக்கு நாலைந்து நாள் முன்னால் செல்வி போன் பண்ணினாள்.

"ஏங்க, காய் பதத்துக்கு வந்துட்ச்சு. அமாவாசைக்கு முன்னாடி வெட்டிடலாம்னு பாக்கறேன். அமாவாசைன்னா எல்லாரும் மேல்மலையனூரு கோயிலுக்குக் கெளம்பிடுவாங்க. ஆளு கெடைக்காது. சேகரு அண்ணனும் லாரி வச்சிருக்காராம்."

சேகர் என்பவர் கோயம்பேட்டுக்குக் காய் ஏற்றுகிற வியாபாரி. வருஷா வருஷம் எங்களிடம் வாங்குகிறவர்.

"ரொம்ப சீக்கிரமா இருக்குதே" என்றேன். "தட்டிப் பாத்தியா?"

"கொடி காஞ்சிட்ச்சுங்க."

"கொடி காயறது வெயிலுக்குக்கூடக் காயும். போனை பவிகிட்ட குடு. நான் கேக்கறேன்."

பவித்ரா ஒன்பதாவது படிக்கிறாள். அப்போது பள்ளி விட்டு வந்து யூனிஃபார்மோடு நிலத்தில் நின்றிருந்தாள். போனைக் காய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு விரலை மடக்கித் தட்டச் சொன்னேன். தட்டினாள். நான் கடையின் பின்பக்கம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று போனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

'டிக்' என்றது.

"இன்னொரு காய்."

'டிக்.'

"இன்னும் நல்லா தட்டு பாப்பா."

"நல்லாத்தான்பா தட்டறேன். கை வலிக்குது."

'டிக், டிக்.' எல்லாக் காயும் அதே சத்தம். மெல்லிசாக, உயரத்தில் கேட்டது. அடங்கி ஒரு சத்தமும் வரவில்லை. எனக்கு அப்போது சந்தேகமே வரவில்லை. பச்சைக்காய் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

"வெட்டாதீங்க. தண்ணி விடுங்க. அமாவாசை போகட்டும்."

வெட்டுக்கு முன்னால் தண்ணீரை நிறுத்த வேண்டும். அப்போதுதான் இனிப்பு ஏறும், காய் வெடிக்காது. பழமாக இருந்த காய்க்குத் தண்ணீர் விடச் சொன்ன அறிவாளி நான்.

செல்வி, "நீங்க அங்க தினம் வெட்டறீங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டாள். அது என்னைப் புகழ்ந்து சொன்னதென்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அமாவாசை வந்தது. ஊரில் வேலையாட்கள் மேல்மலையனூருக்குப் போனார்கள். மறுநாள் இங்கே பிறை தெரிந்து நோன்பு தொடங்கியது. நோன்பு திறக்கிற நேரத்துக்கு எல்லா வீட்டிலும் தர்பூசணி வேண்டும். காலையிலிருந்து வெட்டினாலும் தீராது. இந்த மாதத்தில் எங்கள் பிரிவில் யாருக்கும் லீவு கிடையாது. ஊரில் வெட்டு நடக்கிற காலமும் இதுதான். ஒவ்வொரு வருஷமும் நான் அடுத்தவன் நிலத்துக் காயை வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் என் நிலத்துக் காய் பழுக்கிறது.

அமாவாசைக்குப் பிறகும் போனில் தட்டச் சொன்னேன். பவித்ரா தினமும் பள்ளி விட்டு வந்து தட்டினாள். பக்கத்து நிலத்துக்காரர்கள் வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். அவர்கள் பிள்ளைகளும் அவளோடு அதே பள்ளியில் படிக்கிறார்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்களில் சிலர் அந்தப் பிள்ளைகள்தான்.

'டிக்' என்றே கேட்டது. இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றேன்.

5

சேகர் லாரியோடு வந்த அன்று நான் போனில் இருந்தேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருந்தேன். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, சூப்பர்வைசர் கண்ணில் படாமல் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றேன்.

அவர் ஒரு காயை வெட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவதும்.

"என்னக்கா இது?" என்றார் செல்வியிடம். "சதையெல்லாம் மாவா போயிக் கெடக்குது. வெதைய வுட்டு வெலகிப் போயி நடுவுல பொந்து. அந்தாண்ட பாரு, பாதிக் காயி வெடிச்சிக் கெடக்குது. வெட்டுக்கு வந்த காய்க்கு எவன் தண்ணி வுடச் சொன்னான்?"

செல்வி என் பெயரைச் சொல்லவில்லை.

நான்தான் சத்தம் போட்டேன். "சேகரு, நான் தெனம் கேட்டுக்கினுதான் இருந்தேன். காயாத்தான் இருந்துச்சு."

"எங்க இருந்து கேட்ட?"

"போன்ல."

அங்கே லாரி ஆட்கள், பக்கத்து நிலத்துக்காரர்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். சேகரும் சிரித்தார். "அண்ணே, அங்க கத்தி புடிச்சிக்கினு இருக்கிறவரு இங்க காய்க்கு நாடி புடிக்கலாமா? இது மெட்ராஸ் போவாது. நல்லதா நாலு தேறுனா பாக்கறேன். என் டைமும் பேஜாராப் போச்சு."

இத்தனை பேர் சிரித்த பிறகு நான் ஒரு வார்த்தை சொன்னேன். ஸ்பீக்கரில், எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"பவி ஒழுங்கா தட்டலை. அவ ஒழுங்கா தட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

சிரிப்பு இன்னும் பெரிதானது. இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. யாரோ "டொக் டொக்" என்று நாக்கால் சத்தம் எழுப்பினார்கள். எனக்கு அது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன். 'யாரோ பழம் கேட்கிறார்கள்' என்று சொல்லிப் போனை வைத்தேன். யாரும் பழம் கேட்கவில்லை.

அன்றிலிருந்து பவித்ரா என்னோடு பேசுவதில்லை. "படிச்சிக்கினு இருக்கா", "குளிச்சிக்கினு இருக்கா", "தூங்கிட்டா" என்று செல்வி சொல்வாள். மகன் தருணுக்கு எட்டு வயது. அவன் மட்டும் வந்து முகத்தைக் காட்டுவான். "அப்பா, சார்ஜ் இல்ல" என்பான். அவனுக்கு என்னிடம் பேச வேறு விஷயம் இல்லை. நான் கிளம்பியபோது அவன் நடக்கக்கூடத் தொடங்கவில்லை. லீவில் போகும்போது பார்த்ததுதான். அவனுக்கு அப்பா என்றால் சார்ஜ் தீர்கிற ஒரு பொருள்.

6

காய் போகாததால் செல்வி என்ன செய்தாள் என்று சொல்கிறேன். அதில் உங்களுக்குச் சமையல் குறிப்பும் கிடைக்கும்.

தேறின காய்களை மரக்காணம் ரோட்டு ஓரம் ஓலைப்பந்தல் போட்டு வைத்தாள். ஜூஸ் போட்டாள். மாவாய்ப் போகாத சதையை எடுத்து, விதை நீக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, நாலு புதினா இலை கசக்கிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை வேண்டாம். நீங்களும் இப்படியே செய்யலாம். துண்டாகத் தின்பவர்களுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தாள். பவித்ராவும் சனி, ஞாயிறில் பந்தலில் உட்கார்ந்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் மரக்காணம் போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தார்களாம். இதெல்லாம் தருண் சொல்லித் தெரிந்ததுதான். பஸ் ஜன்னலைத் தட்டினார்களா என்று அவனிடம் நான் கேட்கவில்லை.

வெடித்த காயெல்லாம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போனது. ஆடுகள் கொழுத்துவிட்டன என்று செல்வி சிரித்துச் சொன்னாள். அவள் சிரித்ததில் நான் இன்னும் குறுகிப்போனேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

தர்பூசணியில் வீணாகப் போக வேண்டியது எதுவும் இல்லை. விதையைக் கழுவி, நிழலில் காயவைத்து, வெறும் சட்டியில் உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்தால் நல்ல நொறுக்குத் தீனி. புரதம் இருக்கிறது. சிவப்புக்கும் பச்சைத் தோலுக்கும் நடுவில் இருக்கிற வெள்ளைப் பகுதியை இங்கே நாங்கள் கூடை கூடையாகக் குப்பையில் போடுகிறோம். எனக்கு ஒவ்வொரு நாளும் கை கூசும். ஊரில் அது கூட்டு. மேல் தோலைச் சீவிவிட்டு வெள்ளையைச் சின்னத் துண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து அதில் போடுங்கள். மஞ்சள்தூள், உப்பு. சுரைக்காய் மாதிரி சீக்கிரம் வெந்துவிடும். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து ஒரு கொதி விட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து இறக்குங்கள். எங்கள் வீட்டில் செல்வி இப்படித்தான் செய்வாள். சுடு சோற்றில் போட்டுப் பிசைந்தால் வேறு குழம்பு வேண்டாம். அடுப்பில் கத்தியில் எல்லாம் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போதுதான் கை வைக்க வேண்டும்.

அப்பாவோ என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் இருக்கிற அப்பாவைச் சொன்னேன்.

7

டீச்சரின் மெசேஜ் வந்த மறுநாள் மத்தியானம் ஷாஜியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோன்பு முடிந்திருந்தது. அந்த நேரத்தில் கடையில் கூட்டம் இருக்காது. போனில் தட்டிக் கேட்டேன் என்று சொன்னதுமே அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பெண் பேசுவதில்லை என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"ஏழுமலை அண்ணா, எங்க ஊரு பூரம் திருவிழாவுக்கு நூறு செண்டை மேளம் அடிக்கும்போது நான் இங்கேருந்து வீடியோ கால் போட்டுப் பார்ப்பேன். எப்படிக் கேக்கும் தெரியுமா? தகர டப்பால மழை பெய்யற மாதிரி. கனமான சத்தம் போன்ல வராது அண்ணா. போனுக்கு மனுஷன் பேசறது மட்டும்தான் வேணும். மத்ததெல்லாம் இரைச்சல்னு நெனச்சு வெட்டிப் போடும். நீ பழத்த வெட்டற மாதிரி."

"சும்மா சொல்லாத."

"வா, பாக்கலாம்."

குளிர் அறைக்குள் போனோம். அவன் அறையின் அந்தப் பக்கம் போய் வாட்ஸ்அப்பில் என்னைக் கூப்பிட்டான். ஒரு காயை எடுத்துத் தட்டினான். போனில் 'டிக்' என்றது. அதே 'டிக்'. பவித்ரா தட்டினபோது கேட்ட அதே மெல்லிசுச் சத்தம். அந்தக் காயை அவன் கையிலிருந்து வாங்கி நேரில் தட்டினேன். 'தொம்' என்றது. வெட்டினேன். ரத்தச் சிவப்பு.

இன்னொரு காய். இன்னொன்று. போனில் எல்லாம் 'டிக்'. கையில் 'தொம்'.

என் மகள் ஒழுங்காகத்தான் தட்டியிருக்கிறாள். கை வலிக்க வலிக்கத் தட்டியிருக்கிறாள். முதல் நாளே அந்தக் காய் பழம் என்றுதான் சொல்லியிருக்கிறது. என் மனைவி அதற்கும் முன்பே சொல்லியிருக்கிறாள். கேட்கத் தெரியாதவன் கேட்டேன்.

ஷாஜி வெட்டிய பழத்தைத் துண்டு போட்டு டப்பாவில் அடுக்கிக்கொண்டே சொன்னான், "கால் பண்ணாம ரெக்கார்ட் பண்ணி அனுப்பச் சொல்லியிருந்தா கொஞ்சம் நல்லா கேட்டிருக்கும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இனி என்ன, விடு" என்றான்.

ஆனால் விட முடியாது. பவித்ராவின் வகுப்புப் பிள்ளைகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். ஸ்பீக்கரில் நான் சொன்னது பொய். தெரியாமல் சொன்னதுதான். ஆனால் தெரியாத விஷயத்தை ஒரு பிள்ளை தலையில் போட்டதற்குப் பொய் என்றுதான் பெயர். எல்லார் காதிலும் விழ அன்றைக்குச் சொன்னதால் எல்லார் கண்ணிலும் பட இன்றைக்கு எழுதுகிறேன். யாரையாவது டொக் டொக் என்று கூப்பிட வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள். லீவில் வரும்போது பள்ளி வாசலில் நிற்கிறேன், நேரிலேயே கூப்பிடலாம்.

8

இதுவரை எழுதினதை டீச்சருக்கு அனுப்புவதற்கு முன்னால் பவித்ராவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவளைப் பற்றி எழுதிவிட்டு அவளைக் கேட்காமல் அச்சுக்குக் கொடுத்தால் நான் மறுபடியும் ஸ்பீக்கரில் பேசின மாதிரிதான். ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து செல்வி போனுக்கு அனுப்பி, "பவி படிக்கட்டும். வேணாம்னா வேணாம்" என்று எழுதினேன்.

நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. செல்வியைக் கேட்டேன். "படிச்சிட்டு எந்திரிச்சி நெலத்துக்குப் போயிட்டா" என்றாள். வெட்டு முடிந்த நிலத்தில் கொடி ஓரத்தில் பிந்திக் காய்த்த சின்னக் காய்கள் நாலைந்து கிடக்கும். அதற்கு வியாபாரி வர மாட்டார். வீட்டுக்குத்தான்.

அன்றைக்கு நான் வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் சட்டைப் பையில் அதிர்ந்தது. வாய்ஸ் மெசேஜ். கையுறையைக் கழற்றிவிட்டுக் காதில் வைத்தேன். பேச்சு இல்லை. காற்றுச் சத்தம், தூரத்தில் ஒரு லாரி ஹாரன், பிறகு தட்டு. மூன்று தடவை. ரெக்கார்ட் பண்ணி அனுப்பியிருந்தாள்.

கீழே ஒரே ஒரு வார்த்தை. "சொல்லு."

இந்தத் தடவை கேட்டது. முழுசாக இல்லை, ஆனால் அடங்கின சத்தம் இருந்தது. பழம். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. 'பழம்' என்று டைப் பண்ணினேன். பிறகு அழித்துவிட்டு, "அம்மா என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் வந்தது. மாசிக்குப் பிறகு முதல் தடவையாக.

"அம்மா பழம்னாங்க. கொடி காஞ்சிட்ச்சு. நான் அப்பவே வெட்டிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. தருண் பாதியத் தின்னுட்டு இப்ப வயித்தப் புடிச்சிக்கினு ஒக்காந்திருக்கான். நீ என்ன சொல்றன்னு பாக்கத்தான் அனுப்பினேன். எழுதினத டீச்சருக்கு அனுப்பு. பள்ளிக்கூட வாசல்லலாம் வந்து நிக்காத, அசிங்கமா இருக்கும். அப்புறம் கூட்டு தப்பா எழுதியிருக்க. அம்மா தேங்கா போடறதில்ல. மல்லாட்டைய வறுத்துப் பொடி பண்ணித்தான் போடறாங்க. நீ போனதுக்கப்புறம் மாத்திட்டாங்க. ரொம்ப வருஷம் ஆச்சு."

அதை அங்கேயே நின்று மறுபடியும் கேட்டேன். ஷாஜி என் இடத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்தான்.

பிள்ளைகளே, ஆறாம் பகுதியில் கூட்டுக்குத் தேங்காய் என்று எழுதியிருக்கிறேன். அதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, என்று திருத்திப் படியுங்கள். எவ்வளவு போட வேண்டும், எப்போது சேர்க்க வேண்டும் என்று தெரியாது. பவித்ராவைக் கேளுங்கள். நான் இன்னும் சாப்பிட்டுப் பார்க்கவில்லை.